கடுகினும் சிறிய மூளை

ஈயை நாம் மதிப்பதில்லை. எச்சில் இலையில் மொய்க்கும், விரட்டினால் பறக்கும், விரட்டிய கை மடிக்கு வந்து சேருமுன்னே மீண்டும் அதே இலையில் வந்து அமரும். அறிவற்ற உயிர் என்று ஏசிவிட்டு, விசிறியைத் தேடுவோம். அந்த ஈயினும் சிறியதோர் ஈ உண்டு. கனிந்து கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் புள்ளிபோல் வட்டமிடும் பழ ஈ. அதை ஏசக்கூட நமக்கு மனம் வருவதில்லை, கண்ணிற் பட்டால் அல்லவோ ஏசுவதற்கு!

அந்தப் பழ ஈக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பாடம் நடத்தியதோடு விடவில்லை, தேர்வும் வைத்தார்கள். தேறியவை இவை, தேறாதவை இவை என்று பிரித்தெடுத்து, தேறாத ஒரு குடிக்கு 'மந்தன்' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்கள். அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், 1970களில் நடந்த செய்தி இது. பாடம் என்ன? மணம். இந்த மணம் வந்தால் துன்பம் வரும், அந்த மணம் வந்தால் வராது. பாடம் அவ்வளவே. அந்த ஒரே பாடத்தை அந்தப் புள்ளியளவு உடலின் தலைக்குள் எங்கே எழுதிக்கொள்கிறது, எதைக் கொண்டு எழுதிக்கொள்கிறது என்று தேடிப் புறப்பட்டவர்கள் கண்டவை, அறிவுலகில் முந்நூறாண்டுக்கு மேலாக நடந்துவந்த ஒரு பெரும் வழக்குக்குத் தீர்ப்பாயின.

அந்த வழக்கை முதலில் கேட்போம்.

பிரெஞ்சு நாட்டுத் தத்துவ அறிஞர் தெக்கார்த், 1637இல் வெளியிட்ட தம் நூலில், விலங்குகள் யாவும் கடிகாரம் போன்ற பொறிகளே என்று எழுதினார். முடுக்கி விட்டால் ஓடும், சக்கரம் சுழலும், மணி அடிக்கும். ஆனால் நேரம் என்னவென்று கடிகாரத்துக்குத் தெரியுமா? தெரியாது. அதுபோலவே விலங்கும் என்றார். நாயையும் குதிரையையும் பொறி என்று சொன்னபோது, அவற்றோடு பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். பூச்சியைச் சொன்னபோதோ மறுப்பாரே இல்லை. பூச்சி செய்வது எல்லாம் பிறவியிலேயே அமைந்தது. அதற்கு இயல்பூக்கம் என்று பெயர். கற்பதும் மறப்பதும் அதற்கு இல்லை என்று ஏடுகள் எழுதின, பள்ளிகள் ஒப்புவித்தன.

இந்தக் கட்சிக்குப் பெருஞ்சான்றாக எடுத்துக் காட்டப்பட்டது, பிரெஞ்சு நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபாபர் கண்ட குளவி. அது வெட்டுக்கிளி இனத்துப் பூச்சியொன்றைக் கொட்டி மயக்கி, வளையின் வாயிலருகே இழுத்து வந்து வைக்கும். உள்ளே சென்று ஒருமுறை பார்த்து வரும். பிறகே இரையை உள்ளே இழுக்கும். குளவி உள்ளே சென்ற நேரத்தில் ஃபாபர் இரையைச் சற்றுத் தள்ளி வைத்தார். வெளியே வந்த குளவி இரையை மீண்டும் வாயிலுக்கு இழுத்தது, மீண்டும் உள்ளே சென்று பார்த்தது. மீண்டும் தள்ளி வைத்தார். மீண்டும் அதே செயல். நாற்பது முறை செய்து பார்த்தார். நாற்பது முறையும் குளவி மாறவில்லை. "பார்த்தீர்களா பொறியை!" என்று உலகம் கைகொட்டிற்று. ஆனால் அதே ஃபாபர், வேறோர் இடத்துக் குளவிகளிடம் இதே விளையாட்டை ஆடியபோது, இரண்டு மூன்று முறைக்குமேல் அவை ஏமாறவில்லை, இரையை நேரே உள்ளே இழுத்துச் சென்றன என்பதையும் எழுதி வைத்தார். அந்த இரண்டாம் பாதியை எடுத்தாள்வோர் இல்லை. தமக்கு வேண்டிய பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டு மறுபாதியை மறந்துவிடும் வழக்கம் விஞ்ஞான மன்றத்திலும் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நான் படித்ததில்லை.

1898இல் ஜெர்மன் நாட்டு ஆல்பிரெக்ட் பேத்தே என்பார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். எறும்புக்கும் தேனீக்கும் மனப்பண்பு எதையும் ஏற்றிச் சொல்லவே கூடாது என்றார். எறும்பு, தரையிற் படிந்த மணத்தடத்தால் இழுத்துச் செல்லப்படுகிறது. தேனீயை ஏதோ அறியப்படாத ஆற்றல் கூட்டுக்கு இழுக்கிறது என்று எழுதினார். கற்கும் அறிவை மறுப்பதற்காக, அறியப்படாத ஆற்றலை ஏற்றுக்கொள்ளத் துணிந்த விந்தையைப் பாருங்கள்!

இந்த மன்றத்தில் எதிர்வழக்காட எழுந்தவர்களுள் ஒருவர், பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்லர். பள்ளிக்கூட ஆசிரியர். சார்லஸ் ஹென்றி டர்னர் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்து இரண்டாண்டுகூட நிறையாத 1867இல், சின்சினாட்டி நகரில் பிறந்த கறுப்பர். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அட்லாண்டாவிலுள்ள கிளார்க் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1907இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு உயர் சிறப்புடன் முனைவர் பட்டம் வழங்கிற்று. அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், எறும்பு எவ்வாறு தன் புற்றுக்குத் திரும்புகிறது என்பது.

அவர் செய்த சோதனையின் எளிமை வியப்பூட்டுவது. அட்டையால் ஒரு சிறு மேடை. மேடையிலிருந்து புற்றுக்கு இறங்க அட்டையாலேயே ஒரு சரிவுப் பாதை. மேடையில் எறும்புகளையும் அவற்றின் குஞ்சுகளையும் வைப்பார். எறும்பு குஞ்சைத் தூக்கிக்கொண்டு வழி தேடும். முதலில் அலையும், தடுமாறும், பிறகு வழி காணும். நாழிகை செல்லச் செல்ல அலைச்சல் குறையும். மணத்தடம்தான் இழுக்கிறது என்றால், பாதையை மாற்றினாலோ விளக்கின் இடத்தை மாற்றினாலோ என்ன ஆகும்? அதையும் செய்து பார்த்தார். மணம் மட்டுமே வழிகாட்டி என்ற கூற்று நிற்கவில்லை. ஒளி வரும் திசையையும் வழியின் அடையாளங்களையும் எறும்பு பற்றிக்கொள்கிறது, அனுபவத்தால் திருந்துகிறது என்பது தெரிந்தது. இயல்பூக்கம் ஒன்றே எல்லாம் செய்கிறது என்ற பேச்சுக்கு அந்த அட்டை மேடையில் இடமில்லாது போயிற்று.

முனைவர் பட்டம் பெற்றார். பல கட்டுரைகளும் அதற்கு முன்பே வெளிவந்திருந்தன. பிறகு? ஆய்வுக்கூடமும் ஆய்வு மாணவரும் உடைய பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. 1908 முதல் 1922 வரை, செயின்ட் லூயி நகரில், கறுப்பின மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த சம்னர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலை பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை வகுப்பு, எத்தனை கட்டு விடைத்தாள், மணி அடித்தபின் உடம்பில் எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கரும்பலகை முன் நின்றவர்கள் அறிவார்கள். எஞ்சிய அந்தப் பொழுதில் அவர் ஊர்ப் பூங்காவுக்குச் சென்றார். அங்கே தேன் தடவிய வண்ணத் தட்டுகளை வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். தேனீ நிறத்தைக் கண்டு கற்கிறது என்று 1910இல் எழுதினார். வடிவத்தையும் பிரித்தறிகிறது என்று 1911இல் எழுதினார். தட்டில் ஒட்டிய தேனின் மணமே இழுத்திருக்குமோ என்ற ஐயத்துக்கும் இடம்வைக்காமல், தட்டுகளை மாற்றி மாற்றிச் சோதித்தார். 1912இல், இருட்டை நாடும் கரப்பான் பூச்சியை, இருட்டறையில் மின்னதிர்ச்சி கொடுத்து, இருட்டை வெறுக்கக் கற்பித்தார். பிறவிக் குணத்தையே மாற்றிக் காட்டிய பாடம் அது! எழுபதுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை விட்டுச் சென்று, 1923இல் மறைந்தார்.

எறும்பின் வாழ்வு பிறப்பினால் மட்டும் அமைவதன்று என்று நிறுவியவரின் வாழ்வை, பிறப்பு ஒன்றைக் கொண்டே வரையறுத்து வைத்தது அவர் பிறந்த நாடு.

டர்னர் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஐரோப்பாவில் வேறொருவர் தேனீயிடம் மணத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ். சிறு அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்றில் மட்டும் ஒரு மலரின் மணத்தையும் சர்க்கரை நீரையும் வைப்பார். பெட்டியின் இடத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார், இடத்தைத் தேனீ நினைவு வைத்து ஏமாற்றிவிடக் கூடாதல்லவா! பழகியபின், பழைய பெட்டிகளை அகற்றிவிட்டுப் புதிய பெட்டிகள், எதிலும் உணவில்லை, ஒன்றில் மட்டும் அந்த மணம். தேனீக்கள் அந்த மணப் பெட்டிக்குள் நுழைந்து தேடின. மற்றவற்றை எட்டிப் பார்த்துவிட்டு அகன்றன. நாற்பதுக்கு மேற்பட்ட மணங்களிடையே விட்டபோதும், தாம் கற்ற மணத்தையும் அதற்கு மிக நெருங்கிய சிலவற்றையும் தவிர மற்றவற்றை அவை பொருட்படுத்தவில்லை. 1919இல் இந்த முடிவுகளை வெளியிட்டார். உணர்கொம்புகளை நீக்கிய தேனீ, கற்ற நிறத்தை அறிந்தது, கற்ற மணத்தை அறியவில்லை. ஆகவே தேனீயின் மூக்கு எங்கே இருக்கிறது என்பதும் தெளிவாயிற்று.

இந்த ஃபிரிஷையும் பிறப்பு விடவில்லை. அவருடைய தாய்வழிப் பாட்டி யூத வழியில் வந்தவர் என்று நாஜி ஆட்சி கண்டுபிடித்தது. 1941இல் அவரை மியூனிக் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து விலக்க ஆணை பிறந்தது. அவரைக் காத்தது எது தெரியுமா? தேனீயின் வயிற்றுநோய். நோசிமா என்னும் கிருமி அவ்வேளையில் தேனீக் கூடுகளை அழித்துக்கொண்டிருந்தது. தேனீ அழிந்தால் பழமரம் காய்க்காது. போர்க்காலத்தில் உணவு குறையும். அந்நோயை ஆராய அவர் தேவைப்பட்டார். விலக்கும் ஆணை போர் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. போர் முடிந்தபோது ஆணையிட்டவர்களே இல்லை. 1973இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கற்கிறது என்பது உறுதியாயிற்று. எங்கே வைத்துக்கொள்கிறது? தேனீயின் மூளை ஒரு கன மில்லிமீட்டர் அளவு, கடுகினும் சிறியது. அதற்குள் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த நரம்பணுக்கள். மாந்தன் மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி. இவ்வளவு சிறிய இடத்தில் தேடுவதற்கு ஒரு துப்பு முன்பே கிடைத்திருந்தது. 1850இல் பிரெஞ்சு நாட்டு துஜார்தென், பூச்சி மூளையில் காம்பும் குடையுமாய்க் காளானைப் போன்ற இரு உறுப்புகளைக் கண்டார். கூட்டமாக வாழும் தேனீ, எறும்பு ஆகியவற்றில் அவை பெருத்திருக்கக் கண்டு, அறிவின் இருப்பிடம் இதுவாகலாம் என்று எழுதினார். 1896இல் அமெரிக்கர் கென்யன், தேனீ மூளையைச் சாயமேற்றி நுண்பெருக்கியில் வரைந்து, காளான் உறுப்பை நிரப்பும் நரம்பணுக்களைத் தெளிவாகக் காட்டினார். இன்றும் அவை கென்யன் அணுக்கள் என்றே வழங்கப்படுகின்றன.

துப்பு சான்றாக மாறுவதற்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது. இடையில் ஜப்பானியர் தகேதா 1961இல் ஒரு நல்ல வழி காட்டினார். தேனீயைச் சிறு குழாயில் தலை மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்துவது. உணர்கொம்பில் சர்க்கரை நீர் பட்டால் அது நாவை நீட்டும். மணத்தை வீசி, உடனே சர்க்கரையும் கொடுத்தால், அடுத்த முறை மணத்துக்கே நாவை நீட்டும். ஜெர்மனியில் மென்சல் என்பாரும் அவர் குழுவினரும் 1970களில் இம்முறையைக் கையாண்டு, ஒரே ஒரு பாடம் முடிந்தவுடன் மெல்லிய குளிர்ந்த ஊசி முனையால் மூளையின் ஒவ்வொரு பகுதியாகத் தொட்டுக் குளிர்வித்தார்கள். பாடம் முடிந்த சில நிமிடங்களுக்குள் காளான் உறுப்பைக் குளிர்வித்தால் தேனீ பாடத்தை மறந்தது. அந்தச் சில நிமிடங்கள் கடந்தபின் குளிர்வித்தால் ஒன்றும் கெடவில்லை. எழுதிய மை உலருமுன் அழிக்கலாம், உலர்ந்தபின் அழியாது என்பது போல!

1994இல் இன்னும் கடுமையான சான்று வந்தது. குவாண்டம் இயற்பியலால் உலகறிந்த வெர்னர் ஹைசன்பர்க்கின் மகன் மார்ட்டின் ஹைசன்பர்க், தம் துணைவர் தெ பெல்லுடன் சேர்ந்து, முட்டையிலிருந்து வெளிவந்த பழ ஈப் புழுவுக்கு ஒரு வேதிப்பொருளை உணவில் கலந்து கொடுத்தார். அதனால் காளான் உறுப்பைத் தோற்றுவிக்கும் அணுக்கள் மட்டும் மடிந்தன. வளர்ந்த ஈ நடந்தது, பறந்தது, மணத்தை அறிந்தது, மின்னதிர்ச்சிக்கு அஞ்சியது. இம்மணத்துக்குப் பின் அதிர்ச்சி வரும் என்பதை மட்டும் அதனால் கற்க இயலவில்லை.

இப்போது முதலில் சொன்ன வகுப்பறைக்கு வருவோம். அதை நடத்தியவர் சீமோர் பென்சர், இயற்பியலில் தொடங்கி உயிரியலுக்கு வந்தவர். அவரும் குவின், ஹாரிஸ் என்ற இளைஞர் இருவரும் 1974இல் வெளியிட்ட முறை இது. ஈக்கள் ஒளியை நாடும். ஆகவே ஒளியைக் காட்டி அவற்றை ஒரு குழாய்க்குள் ஓடச் செய்வார்கள். அதில் ஒரு மணமும் மின்னதிர்ச்சியும். அடுத்த குழாயில் வேறொரு மணம், அதிர்ச்சி இல்லை. பிறகு அதிர்ச்சியே இல்லாத புதிய குழாய்களில் இரு மணங்களையும் காட்டினால், துன்பம் தந்த மணத்தை ஈக்கள் தவிர்த்தன. அந்த மணமே இயல்பில் பிடிக்காததாயிருந்தால்? அதற்காக வேறொரு கூட்டத்துக்கு மணங்களை மாற்றிப் பாடம் நடத்தினார்கள். அவை மற்றதைத் தவிர்த்தன. ஐயத்துக்கு இடமில்லை.

1976இல் அந்த மந்தனைக் கண்டார்கள். மரபணு ஒன்று பழுதான ஈக்குடி. மணம் தெரியும், அதிர்ச்சி தெரியும், இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியாது. பின்னர் மறதி மிகுந்த ஒன்று கிடைத்தது. அதற்கு மறதியாளன் என்ற பெயர். கிழங்குகளின் பெயர்களைச் சூட்டப்பெற்ற வேறு சில குடிகளும் கிடைத்தன. கற்காத மாணவனைக் காய்கறிப் பெயரால் அழைக்கும் வழக்கம் எந்த நாட்டு ஆசிரியரையும் விடவில்லை போலும்! இதே ஆண்டுகளில் அன்றைய பம்பாயில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில், ஒபைத் சித்திக்கியும் அவர் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும் மணமே அறியாத ஈக்குடிகளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வெவ்வேறு மணங்கள் ஈயின் மூளையில் வெவ்வேறு இடங்களைக் கிளர்த்துகின்றன என்று 1988இல் ரோட்ரிக்ஸ் காட்டினார்.

மந்தனுக்கு என்ன குறை? 1981இல் விடை கிடைத்தது. அணுக்களுக்குள் செய்தி கொண்டு செல்லும் ஒரு சிறு வேதிப்பொருள் உண்டு, சுழல் ஏ.எம்.பி. என்று பெயர். வேலை முடிந்ததும் அதைச் சிதைக்கும் நொதி மந்தனிடம் பழுதாகியிருந்தது. கிழங்குப் பெயர் பெற்ற மற்றொரு குடியில், அதே பொருளை ஆக்கும் நொதி பழுது. ஆக்குவது கெட்டாலும் கல்வியில்லை, அழிப்பது கெட்டாலும் கல்வியில்லை. கடல் நத்தையின் நினைவை ஆராய்ந்த எரிக் காண்டெலும் இதே பொருளில்தான் வந்து நின்றார். 2000இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எலியின் மூளையும் இதே பொருளைக் கையாள்கிறது.

ஆசிரியர்கள் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றும் இடையே உண்டு. 1994இல் டல்லி என்பாரும் உடனாய்வோரும் ஈக்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்துப் பாடம் இடைவிடாமல். மறு பிரிவுக்கு அதே பத்துப் பாடம், ஒவ்வொன்றுக்கும் இடையே பதினைந்து நிமிட ஓய்வு. பாடத்தின் அளவு ஒன்றே. ஓய்வு பெற்ற ஈக்கள் ஒரு வாரம் வரை நினைவு வைத்திருந்தன. இடைவிடாது படித்தவற்றின் நினைவு அதற்கு முன்பே தேய்ந்தது. நீண்ட நினைவுக்குப் புதிய புரதம் உருவாக வேண்டியிருக்கிறது. அது ஓய்வுவிட்டுக் கற்றபோதே உருவாயிற்று. தேர்வுக்கு முந்திய இரவில் விளக்கெரித்து உருப்போடும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிச் சொல்லி அலுத்ததை ஈ சொல்லிற்று.

இனி அந்தத் தலைக்குள் நுழைவோம். வழக்கின் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது.

உணர்கொம்பில் மணத்தைப் பற்றும் நரம்பணுக்கள் பல வகை. ஒரே வகையினவெல்லாம் மூளையின் முன்மடலில் ஒரே முடிச்சில் சென்று கூடும். ஏறத்தாழ ஐம்பது முடிச்சுகள். ஒரு மணம் வந்தால் சில முடிச்சுகள் கிளரும். வேறு மணத்துக்கு வேறு சில. இந்த முடிச்சுகளிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதை பக்கக் கொம்பு எனப்படும் பகுதிக்குச் செல்கிறது. அங்கே இணைப்புகள் பெரும்பாலும் பிறவியிலேயே ஒழுங்குபட்டவை. எந்த ஈயைத் திறந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒன்றே. கற்காமலே வெறுக்கும் மணமும் கற்காமலே நாடும் மணமும் இந்த வழியாகவே பெரிதும் செல்கின்றன.

மற்றப் பாதை காளான் உறுப்புக்குச் செல்கிறது. அங்கே பக்கத்துக்கு ஏறத்தாழ 2,000 கென்யன் அணுக்கள். ஒவ்வொன்றும் ஏழளவான இழைகளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. எந்த ஏழு? அதில்தான் செய்தி இருக்கிறது. 2013இல் காரோன், ஆக்சல் முதலியோர், அந்த இணைப்புகளில் ஓர் ஒழுங்கைத் தேடினார்கள். கிட்டவில்லை. குலுக்கிப் போட்ட சீட்டுப்போல, கைக்குக் கிடைத்த இழைகளைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன அவை. ஓர் ஈயில் உள்ளபடி மற்றோர் ஈயில் இல்லை. ஒரு மணம் வரும்போது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையிலான கென்யன் அணுக்களே விழிக்கும். எவை விழிக்கும் என்பது ஈக்கு ஈ வேறு. அந்த மணம் நல்லதா தீயதா என்பது அவற்றில் எழுதப்படவில்லை. எழுதாத பலகை அது!

எழுதுவது எப்படி? கென்யன் அணுக்களின் இழைகள் யாவும் சென்று முடியும் வாயில்கள் மிகச் சில. பக்கத்துக்கு 34 நரம்பணுக்கள். சில, 'அணுகு' என்று தூண்டும். சில, 'விலகு' என்று தூண்டும். கற்காத ஈயில் இரண்டும் ஏறத்தாழச் சமன். மணம் வருகிறது, சில கென்யன் அணுக்கள் விழிக்கின்றன, அந்நேரத்தில் அதிர்ச்சி தாக்குகிறது. தண்டனையை அறிவிக்கும் நரம்பணுக்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. மணமும் டோபமைனும் ஒருங்கே வந்து சேர்ந்த இணைப்பில் மட்டும் அந்தச் சுழல் ஏ.எம்.பி. பெருகுகிறது; 'அணுகு' வாயிலுக்குச் செல்லும் இணைப்பு தளர்கிறது. அடுத்த முறை அதே மணம் வரும்போது 'விலகு' என்ற குரல் ஓங்கி நிற்கிறது. நினைவென்றால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது என்றே நாம் எண்ணிவந்தோம். இங்கே அது, இருந்த ஒன்றைத் தளர்த்துவதாக இருக்கிறது. இனிப்புக் கிடைத்தால் வேறு டோபமைன் நரம்பணுக்கள் சுரந்து, 'விலகு' வாயிலைத் தளர்த்தும். 2009இல் மீசன்பாக் குழுவினர், அதிர்ச்சியே கொடுக்காமல், தண்டனையை அறிவிக்கும் பன்னிரண்டு நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டி, நடவாத துன்பத்தின் நினைவை ஈயின் தலையில் எழுதிக் காட்டினார்கள்.

ஆக, பிறவிக்கும் கல்விக்கும் ஒரே தலையில் இரண்டு பாதை. தெக்கார்த் கட்சிக்கு ஒரு பாதை கிடைத்துவிட்டது; டர்னர் கட்சிக்கு மறு பாதை. டர்னர் பாதை பிறவியால் எழுதப்படாமலே விடப்பட்டிருக்கிறது. எந்த மணம் எதிர்ப்படும், எது உணவோடு வரும், எது துன்பத்தோடு வரும் என்பதை முட்டைக்குள் இருக்கும்போது அறிந்தார் யார்?

இதனினும் சிறிய தலையும் உண்டு. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர்ப் புழுவொன்றின் உடல் முழுவதிலும் 302 நரம்பணுக்கள்தாம். நோய் தரும் நுண்கிருமியைத் தின்று வாடிய அப்புழு, பின்னர் அக்கிருமியின் மணத்தைத் தவிர்க்கக் கற்கிறது என்று 2005இல் காட்டினார்கள். முற்பிறவி நினைவு என்ற பேச்சுக்கு உயிருலகில் எங்கேனும் இடம் உண்டானால், அது 2008இல் வாஷிங்டன் நகரில் நடந்த சோதனையில்தான் போலும். புகையிலை தின்னும் கொம்புப் புழுவுக்கு, நகப்பூச்சு அழிக்கும் நீர்மத்தின் மணத்தோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். புழு கூட்டுப்புழுவாகிக் கிடந்தது, உடலெல்லாம் மாறியது, இறகு முளைத்து அந்துப்பூச்சியாக வெளிவந்தது. அந்த மணத்தைத் தவிர்த்தது! பருவம் முதிர்ந்து, கூட்டுப்புழுவாகும் நிலையை நெருங்கியபோது கற்ற புழுக்களே நினைவு வைத்திருந்தன. இளம் பருவத்தில் கற்றவை மறந்தன. பழ ஈயிலோ, உருமாற்றத்தின்போது காளான் உறுப்பின் இணைப்புகள் பெரிதும் பிரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுவதை 2023இல் கண்டிருக்கிறார்கள். பிரித்துக் கட்டிய வீட்டில் பழைய எழுத்து எஞ்சுவது எப்படி என்ற கேள்வி அந்துப்பூச்சியிடம் நிற்கிறது.

2024 அக்டோபரில், பல நாட்டு ஆராய்ச்சியாளர் கூடி, வளர்ந்த பழ ஈ ஒன்றின் மூளை முழுவதையும் வரைபடமாக்கி வெளியிட்டார்கள். 1,39,255 நரம்பணுக்கள், ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். ஒன்றொன்றாக எண்ணி வரைந்த படம். அது ஒரு பெண் ஈ. அது உயிரோடிருந்த நாளில் எந்த மணத்தை விரும்பிற்று, எந்த மணத்துக்கு அஞ்சிற்று என்பதை அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் படித்துச் சொல்ல இயலவில்லை. இழை எங்கே போகிறது என்பது படத்தில் இருக்கிறது. எந்த இணைப்பு தளர்ந்திருந்தது என்பதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.